நெல் அறையில் இருந்த கடைக்கு இன்சூரன்ஸ்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நான் அடிக்கடி கத்துவேன். அநேகமாக எல்லாத் தடவையும் தப்பான ஆளிடம்தான் கத்தியிருக்கிறேன்.

பாபநாசத்துக்குப் பக்கத்து கிராமம் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு இணையத்தில் பேனா விற்கிறேன். ஜப்பான் மைப்பேனா, ஜெர்மன் மை, மை ஊறாத கெட்டிக் காகிதம். கல்யாண வீட்டில் யாராவது என்ன வேலை என்று கேட்டு, நான் சொன்னால், "பேனாவா? பத்து ரூபா பேனாவா?" என்பார்கள். ஒரு பேனாவின் விலையைச் சொன்னால் சாம்பார் வாளியோடு நிற்கிற ஆளும் நகராமல் நின்றுவிடுவார். அதனால் சொல்வதில்லை.

நானும் என் வீட்டுக்காரரும் மஸ்கட்டில் பத்து வருடம் இருந்தோம். அவர் ஒரு கட்டுமான நிறுவனத்தில் ஸ்டோர் கீப்பர். நான் ஒரு எழுதுபொருள் மொத்தக்கடையில் வேலை பார்த்தேன். நல்ல பேனா என்றால் என்ன என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஊருக்குத் திரும்பியபோது அவர் சேமிப்பு நிலத்துக்குப் போனது, என் சேமிப்பு பேனாவுக்குப் போனது. பத்து வருடம் ஏசி அறையில் கால் வீங்க உட்கார்ந்து சம்பாதித்ததெல்லாம் அட்டைப்பெட்டிகளாக மாறி எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருக்கிற நெல் அறையில் அடுக்கப்பட்டது. நல்ல கெட்டிச் சுவர், உயரமான தரை, ஒற்றைக் கதவு. நெல்லுக்காகக் கட்டிய அறை. பேனாவுக்கும் அதுவே போதும் என்று ஏழு வருடம் ஓட்டினேன்.

ஒரு ஐப்பசியில் ஓடு ஒன்று விலகி, ஒரே ஒரு பெட்டி நனைந்தது. காகிதப் பெட்டி. பிரித்துப் பார்த்தேன், உள்ளே இருந்த நோட்டுகள் எல்லாம் உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு பெட்டிதான். ஆனால் நிமிர்ந்து மற்ற பெட்டிகளை எண்ணிப் பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை. அத்தனையும் போனால் இந்த வயதில் திரும்ப மஸ்கட்டுக்கா போக முடியும்?

அன்றைக்கே இன்சூரன்ஸ் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அதில் ஒரு பெரிய விஷயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எங்கள் பக்கம் இன்சூரன்ஸ் என்றால் பயிர் இன்சூரன்ஸ்தான். வி.ஏ.ஓ.விடம் பயிர் விவரத்துக்கு அடங்கல் வாங்கி, நிலத்தின் சிட்டாவையும் சேர்த்து இ-சேவை மையத்தில் கொடுத்துப் பணம் கட்டினால் வேலை முடிந்தது. ஊருக்கே விளைச்சல் போனால் ஊருக்கே வரும். நம் வயல் மட்டும் மூழ்கினால் நமக்கு ஒன்றும் வராது. யாரும் வந்து தனியாக நம் வரப்பில் நின்று எதையும் பார்ப்பதில்லை. கடைக்கும் அப்படித்தான் இருக்கும், ஒரு காகிதத்தைக் கொடுத்தால் ஒரு காகிதத்தைத் தருவார்கள் என்று நினைத்தேன்.

அந்த நினைப்பில் இருந்த என் வீட்டு வாசலில் ஒரு காலை நேரத்தில் ஸ்கூட்டரை நிறுத்தினாள், நான் போன் போட்டு வரச்சொன்ன இன்சூரன்ஸ் ஏஜென்ட். கும்பகோணத்தில் குடியிருக்கிறவள், சொந்த ஊர் வேதாரண்யம். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். அதனால் அவள் என்றே எழுதுகிறேன், மரியாதை மனசுக்குள் நிறைய இருக்கிறது. ஹெல்மெட்டைக் கழற்றியதும் வணக்கம் சொன்னாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சாமான் எங்கக்கா இருக்கு? மொதல்ல அதப் பாத்துடுறேன்."

"ஏம்மா, பாலிசி எழுத வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? உக்காரு, காப்பி குடி, ஃபாரத்த எடு."

சிரித்தாள், ஆனால் நகரவில்லை. பைக்குள் கையை விட்டு டார்ச்சையும் அளவு டேப்பையும் எடுத்தாள். சரி, வா என்று பின்கட்டுக்குக் கூட்டிப் போனேன்.

ஒன்றரை மணி நேரம். அடேயப்பா, நான் அந்த வீட்டுக்கு வாழ வந்து இருபது வருடம் ஆகிறது, அந்த அறையை அப்படி நான் பார்த்ததே இல்லை. மேலே ஏறி ஓடுகளைப் பார்த்தாள். தரையில் மண்டி போட்டு மூலைகளில் டார்ச் அடித்துக் கரையான் தடம் தேடினாள். சுவரில் உள்ளங்கையை வைத்து ஈரம் பார்த்தாள். ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து பார்த்து, ஒரு ஒயரைக் காட்டி இதை மாற்றுங்கள் என்றாள். வாய்க்காலில் தண்ணீர் ஏறினால் எதுவரைக்கும் வரும் என்று கேட்டு, நான் காட்டிய இடத்திலிருந்து வாசற்படிவரை டேப்பைப் பிடித்து அளந்தாள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டாள். எனக்குப் பொறுமை போய்க்கொண்டே இருந்தது. அடுப்பில் குழம்பு இருந்தது.

பிறகு சரக்கின் மதிப்பைக் கேட்டாள். விற்கிற விலையைச் சொன்னேன். "விக்கிற வெல வேணாம்க்கா. வாங்குன வெல, அதோட கஸ்டம்ஸ் கட்டுனது, சென்னையிலேர்ந்து லாரில இங்க வந்தது. அதுதான் ஒங்க கையிலேர்ந்து போனது" என்றாள். துறைமுகத்திலிருந்து இங்கே வருகிற வழியில் லாரி கவிழ்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அதை நான் யோசித்ததே இல்லை. அப்புறம் ஒரு மைப்புட்டியைக் கையில் எடுத்தாள்.

"இத ஒரு கொழந்த எடுத்துக் குடிச்சிடுச்சுன்னு வைங்க. கேஸ் போட்டா யாரு மேல போடுவாங்க?"

"செஞ்சவன் மேல."

"செஞ்சவன் ஜப்பான்ல இருக்கான். இங்க கொண்டாந்து எறக்குனது நீங்க. ஒங்களத்தான் கூப்புடுவாங்க. அதுக்கும் ஒரு பகுதி சேத்துக்கணும்க்கா."

ஏழு வருடம் இந்த வியாபாரம் செய்கிறேன். சரக்கு போனால் பணம் போகும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். கடல் தாண்டி ஒரு பொருளைக் கொண்டுவந்தால் அதைச் செய்தவனுடைய பொறுப்பையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வருகிறோம் என்று எனக்குச் சொன்ன முதல் ஆள் அவள்தான். அந்த நிமிடத்திலிருந்து குழம்பைப் பற்றிய கவலை எனக்குக் குறைந்தது.

ஃபாரத்தை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள். அப்போது அவள் கண் தரையில் கதவோரமாகப் போனது. குனிந்து விரலால் எதையோ எடுத்தாள். நெல்மணி.

"இந்த ரூம்ல நெல்லு வைப்பீங்களாக்கா?"

"தை பொறந்தா வைப்போம். வீட்டுச் சாப்பாட்டு நெல்லு, வெத நெல்லு எல்லாம் இங்கதான். நெல் ரூம்ல நெல்லு வைக்காம?"

"அப்ப பேனால்லாம் எங்க போவும்?"

"எங்க போவும்? மூத்தார் வீட்டுக்குப் போவும். நாலு வீடு தள்ளி. நெல்லு அரவைக்குப் போனதும் சித்திரையில திரும்பி வந்துடும்."

இதை நான் சர்வசாதாரணமாகச் சொன்னேன். வருடா வருடம் அறுப்பு முடிந்ததும் மினி வேனில் என் பெட்டிகள் என் வீட்டுக்காரரின் அண்ணன் வீட்டுக்குப் போகும். அங்கே கூடத்து ஓரத்தில் மூன்று மாதம் இருக்கும். நான் ஆர்டர் வந்தால் அந்த வீட்டுக்குப் போய் எடுத்து வருவேன். நெல் வீட்டுக்கு வந்தால் மற்றது எல்லாம் ஒதுங்கும். கட்டில் ஒதுங்கும், சைக்கிள் ஒதுங்கும், பேனாவும் ஒதுங்கும். இதைக் கடை இடம் மாறுகிறது என்று எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை.

அவள் பேனாவை மூடினாள்.

"அக்கா, பாலிசி இந்த எடத்துக்கு. இந்தச் சொவத்துக்குள்ள இருக்குற சாமானுக்கு. இத விட்டு வெளிய போன நிமிஷத்துலேர்ந்து ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல. மூணு மாசம் வெறும் கையோட நிக்கிறீங்க. அதோட, ரூம்ல வேற என்ன இருக்குன்னு கம்பெனி கேக்கும். நெல்லு வந்தா எலி வரும், ஈரம் வரும். இல்லன்னு நான் எழுத முடியாது."

வயலிலிருந்து அப்போதுதான் வந்த என் வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அட, விடும்மா. வருஷம் முழுக்க இங்கதான் இருக்குன்னு எழுதிட்டுப் போவியா. யாரு வந்து பாக்கப் போறா?" என்றார்.

"நான் பாத்துட்டேனேண்ணே" என்றாள் அவள்.

ஒரு வழி சொன்னாள். மூத்தார் வீட்டையும் இரண்டாவது இடமாகச் சேர்க்கலாம், அதற்கு அவர் ஒரு கடிதம் தரவேண்டும். அன்றைக்கே போனோம். எங்கள் குடும்பத்தில் மூத்தாரிடம் நேருக்கு நேர் நின்று பேசுகிற வழக்கம் இல்லை. நான் கதவோரம் நின்றேன், என் வீட்டுக்காரர் கேட்டார். இன்னாருடைய சரக்கு என் வீட்டில் மூன்று மாதம் இருக்கும் என்று இரண்டு வரி, ஒரு கையெழுத்து. ஏழு வருடமாக ஒரு வார்த்தை சொல்லாமல் இடம் கொடுத்த மனிதர். கையெழுத்து என்றதும் முகம் மாறிவிட்டது.

"சாமான் இருக்கட்டும்டா, பத்து வருஷம்னாலும் இருக்கட்டும். எழுத்து எதுக்கு? பட்டா இன்னும் நம்ம ரெண்டு பேரு பேருலயும் கூட்டுப் பட்டாவாத்தான் இருக்கு. நாளைக்கு இந்தக் காயிதத்தக் காட்டி யாராச்சும் என் வீட்டுல பங்குன்னு வந்து நின்னா?"

யாராச்சும் என்று அவர் சொன்னது என்னைத்தான். எனக்கு வந்ததே கோபம்! ஆனால் மூத்தாரிடம் கத்த முடியாதே. வெளியே வந்து அந்தப் பெண்ணிடம் கத்தினேன். ஒரு பாலிசி எழுதத் துப்பில்லை, குடும்பத்துக்குள் சண்டை மூட்டிவிடத் தெரிகிறது என்று என்னென்னவோ பேசினேன். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "யோசிச்சுட்டுக் கூப்புடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். காப்பிகூடக் குடிக்கவில்லை.

மறுநாள் வேறொரு இன்சூரன்ஸ் ஆள் போனில் பேசினார். பத்தே நிமிடத்தில் பாலிசி என்றார். பின்கோடு கேட்டார், சரக்கு மதிப்பு கேட்டார், வேறு எதுவும் கேட்கவில்லை. அவளுடையதைவிடக் கட்டணமும் குறைவு. பணம் கட்டுவதற்கு லிங்க் அனுப்பினார். லிங்கைத் திறந்து வைத்துக்கொண்டு, அவளுக்குப் போன் போட்டேன். எதற்கு? வீம்புக்குத்தான். "பாரு, ஒங்க ஆளுங்களே தர்றாங்க" என்று சொல்ல.

"எடுத்துக்குங்கக்கா, தப்பில்ல" என்றாள். குரலில் ஒரு வருத்தமும் இல்லை. "ஆனா தை மாசம் பெட்டிய வேன்ல ஏத்துறப்ப ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. அன்னிக்கு ஒங்க கையில இருக்குறது வெறும் காயிதம்."

அவளே தொடர்ந்தாள். அவள் அப்பா வேதாரண்யத்தில் வலைக்கடை வைத்திருந்தவர். நைலான் வலை, கயிறு, மிதவை. ஒழுங்காக இன்சூரன்ஸ் கட்டி வந்த மனிதர். ஒரு முறை புயல் வரப்போகிறது என்று சொன்னபோது, கடை தாழ்வான இடத்தில் இருக்கிறது என்று சரக்கை எல்லாம் தம்பி வீட்டுக் கொட்டகைக்கு மாற்றியிருக்கிறார். கடை நின்றது. கொட்டகை போய்விட்டது.

"காயிதத்துல இருந்த எடம் ஒண்ணு, சாமான் இருந்த எடம் ஒண்ணு. எங்கப்பா தப்பா ஒண்ணும் செய்யலக்கா. சொல்லாம செஞ்சாரு, அவ்வளவுதான். அதுக்கப்புறம்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்."

லிங்கை மூடிவிட்டேன். முந்தைய நாள் வாசலில் நின்று அவளை அத்தனை பேச்சுப் பேசியது நினைவுக்கு வந்து கூசிப்போனேன். அவள் என் சரக்கைத் தன் அப்பா சரக்காகப் பார்த்திருக்கிறாள். ஸ்கூட்டரில் அவ்வளவு தூரம் வந்து, கமிஷனை விட்டுவிட்டு, திட்டும் வாங்கிக்கொண்டு போனாளே, அந்த நேர்மையை நான் எங்கே பார்த்திருக்கிறேன்? மன்னிச்சுக்கம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. "நாளைக்கு வா, சாப்புட வா" என்றேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஆனால் தீர்வு வேண்டுமே. அன்று மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவும்போது என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வலைக்கடைக் கதையையும் சொன்னேன். துண்டால் கையைத் துடைத்துக் கொடியில் போட்டுவிட்டுச் சொன்னார்: "இந்த வருஷம் நெல்லு வெளிய இருக்கட்டும்."

நான் நம்பவில்லை. அந்த வீட்டில் நெல் வெளியே இருந்து நான் பார்த்ததே கிடையாது. "எங்க வைப்பீங்க?" என்றேன். கூடத்தில் கொஞ்சம், மீதி கொல்லையில் கட்டை போட்டு அடுக்கி மேலே தார்ப்பாய் என்றார். மறுநாள் அவள் வந்தாள். ஃபாரத்தில், இந்த அறையில் கடைச் சரக்கைத் தவிர வருடம் முழுவதும் வேறு எதுவும் வைப்பதில்லை என்று எழுதிய இடத்தில் வீட்டின் சொந்தக்காரராக அவர்தான் கையெழுத்துப் போட்டார். அவள் எங்கள் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டாள். வத்தக்குழம்பு இரண்டு தடவை கேட்டு வாங்கினாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மிச்சமிருந்த ஐப்பசி, கார்த்திகை மழை எல்லாம் நல்லபடியாகப் போனது. தையில் அறுப்பு முடிந்தது. விற்கிற நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனது. வீட்டுக்கு வைத்த நெல் மூட்டை மூட்டையாக வந்து, என் அறையைத் தாண்டிக் கொல்லைக்குப் போனது. மூட்டை தூக்குகிற ஆட்கள் பழக்கத்தில் என் அறை வாசலில் போய் நின்றார்கள். அவர்தான், "அங்க இல்லப்பா, பின்னால போங்க" என்று திருப்பி அனுப்பினார்.

பத்து நாள்கூட ஆகவில்லை. தையில் பெய்யக்கூடாத மழை ஒரு மத்தியான நேரத்தில் வந்தது. காற்று என்றால் அப்படி ஒரு காற்று. தார்ப்பாயின் ஒரு பக்கக் கயிறு அறுந்து படபடவென்று அடித்தது. இரண்டு பேரும் ஓடினோம். ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம், காற்று எங்களையும் சேர்த்து இழுத்தது. முடிந்தவரை மூட்டைகளைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டோம். கூடம் நிறைந்துவிட்டது. பாதிக்கு மேல் கொல்லையில் நனைந்துகொண்டிருந்தது.

எனக்குப் பதறிவிட்டது. "ஏங்க, ரூமத் தெறங்க! என் பெட்டியெல்லாம் மூத்தார் வீட்டுக்குத் தூக்கிடுவோம். நெல்ல உள்ள போடுவோம்."

"வேணாம்."

"என்ன வேணாம்? நெல்லு நனையுதுங்க!"

"நனையட்டும்."

இருபது வருடத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. களத்தில் ஒரு பிடி நெல் சிதறினால்கூடக் குனிந்து பொறுக்குகிறவர்.

"ஒரு நாளு தானேங்க? யாரு வந்து பாக்கப் போறா?"

"கையெழுத்து என்னுது" என்றார். தலையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "அதுவும் போவட்டும். ஒன் பத்து வருஷம் உள்ள இருக்கு. இந்த மழையில அத தெருவுல தூக்கிட்டுப் போகச் சொல்றியா?"

நான் அழுதுவிட்டேன். மழையில் அவருக்குத் தெரிந்திருக்காது. ஏழு வருடம் என் பெட்டிகள் வேனில் ஏறி இறங்கியபோது ஒரு வார்த்தை சொல்லாத மனிதர். அந்தப் பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூத்தார் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. என் சரக்கு அங்கே போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெயில் வந்ததும் நனைந்த நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைத்தோம். சில மூட்டைகளில் முளை விட்டிருந்தது. மூன்றாம் நாள் அவள் போன் செய்தாள், "அக்கா, மழையில ரூமுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று. நடந்ததைப் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொள்கிற மாதிரி ஒரு குரல்.

"ஐயோ அக்கா! நெல்ல நனைய விட்டீங்களா? எனக்கு ஒரு போன் போட்டுருக்கக் கூடாதா? நாலு நாளைக்கு நெல்லு உள்ள இருக்குன்னு கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டுருப்பேனே. மாறுனா சொல்லுங்கன்னு அன்னிக்கே சொன்னேனேக்கா, மாறவே கூடாதுன்னா சொன்னேன்?"

சொல்லியிருப்பாள். அவள் சொல்லாமல் விடுகிற ஆளே இல்லை. எங்கள் காதில்தான் விழவில்லை. எழுதிக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்று இருந்துவிட்டோம். அவள் போனிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். நான்தான் அவளைச் சமாதானம் செய்தேன்.

இதை என் வீட்டுக்காரரிடம் நான் சொல்லவில்லை. இதைப் படித்தால்தான் அவருக்குத் தெரியும்.

அந்த நெல்லைத்தான் அரைத்தோம். அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டுச் சோற்றில் ஈர நெல்லின் மக்கிப்போன முக்கல் வாடை அடித்தது. ரசத்துக்கும் போகாது, மோருக்கும் போகாது. எனக்கு ஒவ்வொரு வாயும் தொண்டையில் நின்றது. கடையில் நல்ல அரிசி வாங்கட்டுமா என்று கேட்டேன். "இதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு" என்று தட்டை நீட்டி, இன்னொரு கரண்டி போடச் சொன்னார். போட்டேன்.